தனி எர்த்

பாட்டு முடிந்த பிறகும் அவளுடைய விரல் நிற்கவில்லை.

கண்ணாடிக்காரர் முதலில் அதைப் பார்க்கவில்லை. மனைவியின் கட்டிலை ஒட்டிப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான பாலில் ரொட்டித் துண்டைக் கரைத்துக்கொண்டிருந்தார். மழை வரப்போகிற மத்தியானம். ஜன்னல் வெளிச்சம் பழுத்துப்போய்க் கிடந்தது. தெருவில் யாரோ காயப்போட்ட துணியை எடுக்க ஓடுகிற செருப்புச் சத்தம், அறைக்குள் பினாயில் வாசனையும் தைல வாசனையும் கலந்த பழகிப்போன நெடி, கட்டிலுக்கு அடியில் காற்று மெத்தையின் பம்ப் விடுகிற சின்ன உறுமல். ஸ்பீக்கர்கள் இரண்டும் ஓய்ந்திருந்தன. கரண்டியைத் தூக்கியவர் போர்வையின் மேல் கிடந்த அவள் கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் தட்டிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டு, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. இப்போது முடிந்த பாட்டின் தாளம் அது இல்லை என்பது தாளம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற அவருக்குக்கூடத் தெரிந்தது.

பயப்பட வேண்டிய இடம் அதுதான். மனுஷன் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டார். சமையலறையிலிருந்த மச்சினியைக் கூப்பிட்டு, அக்கா உள்ளுக்குள் பாடிக்கொள்கிறாள் பார் என்று காட்டினார். அவளும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்துக் கண் கலங்கினாள்.

அந்த ஒரு விரலுக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்துப் பொருத்துகிற சின்னக் கடை அவருடையது. ஊருக்கெல்லாம் அவர் கண்ணாடிக்காரர். மனைவி மட்டும் வாலை வெட்டிவிட்டு வெறும் 'கண்ணாடி' என்பாள். நாலு பேர் எதிரிலேயே "கண்ணாடி, அந்த மிக்ஸியை நிறுத்து, பாட்டு ஓடுதுல்ல" என்று அதட்டுவாள். கல்யாணமான புதிதில் மூக்கு சிவந்தவர், போகப் போக அந்தக் கூப்பாடு இல்லாவிட்டால் வீடு வெறிச்சென்று இருப்பதாக எண்ணத் தொடங்கினார். பஸ் டிக்கெட் முன்பதிவு செய்கிற இடத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுக்கக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கரகரக்கிற மைக்கில் கத்திவிட்டு வருகிறவளுக்கு, சாயங்காலம் காதுக்கு நல்லதாக ஏதாவது வேண்டும். தன் சம்பளத்தில் ஒன்றொன்றாகச் சேர்த்து பிளேயர், ஆம்ப்ளிபயர், இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டு என்று வாங்கி வைத்தாள். அவருக்கோ எல்லாப் பாட்டும் ஒரே பாட்டுதான். அவள் கண்ணை மூடிக் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் பிடிக்கும்.

ஒரு காலையில் பல் விளக்கப் போனவள் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தாள். முதலில் இடது பக்கம் போயிற்று, பிறகு பேச்சு போயிற்று, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது எல்லாமே போயிருந்தது. மிச்சமிருந்தது வலது கை ஆள்காட்டி விரல். அதுவும் அவளுடைய பாட்டு, அவளுடைய ஸ்பீக்கரில் ஓடினால்தான் அசையும். போனில் போட்டால் அசையாது, டிவியில் வந்தால் அசையாது. கைகால் பயிற்சி கொடுக்க வருகிறவர், அந்த விரலை விட்டுவிடாதீர்கள், உள்ளே இருக்கிறவங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் அது ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். கண்ணாடிக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கடையை அரை நாள் ஆக்கினார். மத்தியானம் வந்து பாட்டைப் போட்டு, விரல் அசைவதைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

போன மழைக்காலத்தில் இடி விழுந்தது. வீட்டின் மேல் விழவில்லை, தெருக்கோடிக் கம்பத்தில் எங்கோ. ஆம்ப்ளிபயர் ஒரு தடவை பளிச்சென்று சிரித்துவிட்டு அணைந்தது. கருகிய வாசனை வீடு முழுக்க நின்றது. அதோடு விரலும் நின்றது. ரிப்பேர் பார்க்கிறவர் கையை விரித்துவிட்டார். புது ஆம்ப்ளிபயர் வந்து சேர்கிற வரைக்கும் அவள் விழுங்குவதைக்கூட நிறுத்திவிட்டாள். கன்னத்தை அழுத்தி ஊற்றினால் ஒரு பக்கமாக வழியும். அவளை இரண்டாவது தடவை பறிகொடுத்ததாகவே அவருக்கு இருந்தது. இன்னொரு இடி இப்படி விழுந்தால் தாங்காது என்று அவருக்குப் புரிந்துபோயிற்று, அவளுக்கும் தாங்காது, தனக்கும் தாங்காது.

ஆடியோ கடைக்காரர் பொறுமைசாலி. ஸ்டெபிலைசர் வாங்கி வைத்திருந்தேனே என்று புலம்பியவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து விளக்கினார். ஸ்டெபிலைசர் வோல்டேஜ் ஏறி இறங்கினால் சமாளிக்கும், இடிக்கு அது ஒத்துவராது, அதுவும் சேர்ந்து எரியும். சர்ஜ் பெட்டி என்று ஒன்று வேண்டும். கரண்டோடு திமுதிமுவென்று வருகிற அதிகப்படியை வாசலிலேயே மறித்து எர்த் வழியாக மண்ணுக்குள் இறக்கிவிடும். அதன் முகத்தில் பச்சை விளக்கு எரிகிற வரைக்கும் காவல் உண்டு. விளக்கு அணைந்தாலும் கரண்ட் வந்துகொண்டுதான் இருக்கும், காவல் மட்டும் செத்திருக்கும், உடனே மாற்றிவிட வேண்டும். அதற்கு அடுத்து கண்டிஷனர். கனமான பெட்டி. கரண்டில் கலந்து வருகிற குப்பையை வடிகட்டி ஸ்பீக்கரின் இரைச்சலைக் குறைக்கும். எல்லாம் சொல்லிவிட்டு அவர் கடைசியாகச் சொன்னது ஒன்று.

"சார், இதெல்லாம் எர்த்தை நம்பித்தான். பிடிச்ச திருடனைக் கொண்டுபோய் விட ஒரு இடம் வேணும்ல. எர்த் சரியில்லன்னா இந்த ரெண்டு பெட்டியும் ஷோகேஸ்ல வைக்கத்தான் லாயக்கு."

பெட்டி இரண்டையும் அவர் வாங்கிவந்தார். வீட்டில் எர்த் இருந்தது. தண்ணீர் மோட்டார், பிரிட்ஜ், காற்று மெத்தைப் பம்ப் எல்லாம் அதில்தான். ஆனால் பாட்டுப் பைத்தியங்கள் கூடிப் பேசுகிற ஒரு குழுவில் அவர் போனில் படித்துப் பார்த்ததில், ஆடியோவுக்கென்று தனி எர்த் போட்டால் சத்தம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். ஒயர்மேனைக் கூப்பிட்டுப் பின்பக்கம், மதிலோரம் குழி எடுக்கச் சொன்னார். கொஞ்ச ஆழத்துக்குத் தோண்டி, அதற்குமேல் செம்புத் தடியைச் சுத்தியலால் அடித்து இறக்குவதுதான் வழக்கம். பாதி வரைக்கும் சுத்தியல் வேலை செய்தது. பிறகு தடி தானாகவே இறங்கத் தொடங்கியது. ஒயர்மேன் கையை எடுத்துவிட்டான். அது மெதுவாக, இழுத்துக்கொள்கிற மாதிரி உள்ளே போய், ஒரு சாண் மேலே நிற்கும்போது நின்றது. குழிக்குள்ளிருந்து பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருகிற காற்று வந்தது.

ஒயர்மேனுக்கு அது பிடிக்கவில்லை. வேறு இடம் பார்க்கலாம் என்றான். வானம் கறுத்துக்கொண்டு வந்ததால் கண்ணாடிக்காரர் விடவில்லை. கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றி மூடினார்கள். புதுக் குழியையும் வீட்டின் பழைய எர்த்தையும் ஒரு தடிமனான ஒயரால் இணைத்து, போல்ட்டை முறுக்கி முடித்துவிட்டு ஒயர்மேன் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னான்.

"இந்த இணைப்பை மட்டும் கழட்டிடாதீங்க சார். ஒரு வீட்டுக்கு ரெண்டு எர்த் தனித்தனியா நிக்கக் கூடாது. ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குத் தாவும். நடுவுல யார் இருந்தாலும் அவங்க வழியாத்தான் தாவும்."

கழற்றினார். கழற்றாமல் என்ன செய்வார்? இணைப்பு இருந்தவரைக்கும் பம்பின் உறுமல் எர்த் வழியாக ஏறி ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்று நின்றது. பாட்டு போட்டால் அவளுடைய விரல் எழும், தாளத்தைத் தேடும், உறுமலில் சிக்கிக்கொண்டு வழி தெரியாமல் நடுங்கும், படுத்துவிடும். அதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. ஒரு மத்தியானம் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் போல்ட்டைத் தளர்த்தி ஒயரை உருவி ஓரமாகச் சுருட்டிப் போட்டார். திரும்பி வந்து பார்த்தால் உறுமல் சுத்தமாக இல்லை. பாட்டைப் போட்டதும் விரல் துள்ளியது. மறுநாள் பக்கத்து விரலும் சேர்ந்துகொண்டது. பிறகுதான் அந்த மத்தியானம், பாட்டு இல்லாமலே தட்டிய மத்தியானம்.

அதற்குப் பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. மணிக்கட்டு மடங்கியது. தலை தலையணையில் திரும்பியது. பயிற்சி கொடுக்கிறவர் ஆச்சரியப்பட்டு, இத்தனை வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்றார். ஆனால் அவர் கை கழுவிக்கொண்டே, இவங்க என்னைப் பிடிக்கும்போது பிடி ரொம்ப ஜில்லென்று இருக்கிறது, கொஞ்சம் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனதைக் கண்ணாடிக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் நன்றாக விழுங்கத் தொடங்கியிருந்தாள். கொடுத்ததையெல்லாம் விழுங்கினாள். கரண்டியை எடுத்த பிறகும் வாய் திறந்தே இருக்கும், இன்னும் கொண்டா என்பது போல. குனிந்து வாயைத் துடைக்கும்போது ஈர மண் வாசனை அடித்தது. ஜன்னல் வழியாக வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர் வேலையாக இருந்தது. மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. மழை பெய்து முற்றமெல்லாம் சொதசொதவென்று கிடக்கும்போதும் குழி மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு குடம் ஊற்றினால் சர்ரென்று இறங்கும். நின்று கேட்டால், இறங்குகிற சத்தம் முடிந்த பிறகு கீழே ஏதோ தொண்டை அசைகிற மாதிரி ஒரு கடக் கடக். அவர் நின்று கேட்பதை விட்டுவிட்டார். ஊற்றிவிட்டு வேகமாக உள்ளே வந்துவிடுவார்.

ஸ்பீக்கரிலும் ஏதோ இருந்தது. பாட்டு ஓடாதபோது, துணிப் படுதாவில் காதை வைத்தால், முதலில் ஒன்றும் கேட்காது. இரைச்சல் இல்லை, உறுமல் இல்லை. காது அதற்குப் பழகிய பிறகு, அந்த நிசப்தத்துக்கு அடியில், வலது ஸ்பீக்கரில் மட்டும், யாரோ மூச்சு விட்டார்கள். இழுத்து, நிறுத்தி, விட்டு. கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அவளுடைய விரல் அதற்குத்தான் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கே ஒயரை மறுபடி இணைத்திருக்கலாம். ஸ்பானர் அலமாரியில்தான் இருந்தது. எடுத்தும்விட்டார். பின்கதவு வரைக்கும் போனவர், இணைத்துவிட்டால் அந்த விரல் பழையபடி நடுங்கிப் படுத்துவிடுமோ என்று நின்றுவிட்டார். ஸ்பானரை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து அவள் தலையைக் கோதினார். அவள் கண் சிமிட்டாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சினிக்குத்தான் முதலில் பொறி தட்டியது. அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சட்டென்று சீப்பை வைத்துவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள். என்ன என்று கேட்டார். அவரைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், அக்கா இப்போதெல்லாம் கண்ணை மூடுவதே இல்லை, நீங்கள் கவனித்தீர்களா என்று குசுகுசுத்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தால் விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரிக்கிறாளாம். பொழைத்து வருகிறவளைப் பார்த்து இப்படிப் பேசலாமா என்று அவர் கடிந்துகொண்டிருக்கும்போதே உள்ளிருந்து குரல் வந்தது.

"என்னங்க."

கண்ணாடிக்காரர் ஓடினார். அவள் தலையைத் திருப்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு சரியாக மூடித் திறந்தது. "என்னங்க," என்றாள் மறுபடி, சின்னக் குழந்தை புது வார்த்தையைச் சொல்லிப் பார்ப்பது போல, ஒவ்வொரு எழுத்தாக. அவர் கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதார். ஜில்லென்ற கை ஒன்று வந்து அவர் பிடரியில் உட்கார்ந்தது.

மச்சினி கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. "அத்தான், அக்கா உங்கள என்னிக்கு என்னங்கன்னு கூப்பிட்டிருக்கா?"

வாதம் வந்தவங்களுக்கு ஞாபகம் மாறும், பேச்சு மாறும், டாக்டரே சொல்லியிருக்கிறார் என்று அவர் எரிந்து விழுந்தார். அவள் போய்த் தன் பையை எடுத்தாள். பையில் துணியைத் திணித்துக்கொண்டு செருப்பை மாட்டும்போது, நீங்களும் வந்துவிடுங்கள் அத்தான், அது அக்கா இல்லை என்று சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டார். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. வீட்டில் அவரும் அவளும் மிஞ்சினார்கள்.

அதே சாயங்காலம் வானம் பிளந்துகொண்டது. நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார், ஆனால் கொஞ்சம் தள்ளி. ஏன் தள்ளி உட்கார்ந்தார் என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. மச்சினி சொன்னது முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. "அம்மா," என்று ஆரம்பித்தார், அவளைக் கொஞ்சும்போது அப்படித்தான் கூப்பிடுவார். "நீ என்னை எப்படிக் கூப்பிடுவே? ஒரு தடவை சொல்லேன்." அவள் யோசித்தாள். யோசிப்பது தெரிந்தது. கருவிழி மெதுவாக வலது ஸ்பீக்கரின் பக்கம் போய், கேட்டுத் தெரிந்துகொள்வது போல அங்கே நின்று, திரும்பி வந்தது.

"என்னங்க," என்றாள்.

அவர் ஸ்டூலை இன்னும் பின்னுக்கு இழுத்தார்.

இடி விழுந்தது. ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குவளை, அவள் பல், எல்லாம் ஒரு கணம் வெள்ளையாக நின்றன. விளக்கு போயிற்று. பம்ப் நின்றது. தெரு முழுக்க இருட்டு. சர்ஜ் பெட்டியில் பச்சை விளக்கும் இல்லை. அது கரண்ட் இல்லாததால் அணைந்ததா, காவல் செத்ததால் அணைந்ததா என்று அவர் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. தட்டுத் தடுமாறி ஸ்டாண்டின் பின்னால் மண்டியிட்டார். பிளக்கை உருவினார். புதுக் குழியிலிருந்து வந்து கண்டிஷனரின் பின்பக்கம் திருகியிருந்த எர்த் ஒயர்மேல் கை வைத்தார். ஒயர் வெதுவெதுப்பாக இருந்தது. லேசாகத் துடித்தது.

"கண்ணாடி."

இடது ஸ்பீக்கர்.

கரண்ட் இல்லை. பிளக் அவர் கையில் இருக்கிறது. பிளேயர் செத்துக் கிடக்கிறது. ஆனால் குரல் வந்தது, ரொம்பத் தூரத்திலிருந்து, கனமான எதற்கோ அடியிலிருந்து, அவளுடைய அதட்டுகிற குரல், இப்போது அதட்ட முடியாத குரல்.

"கண்ணாடி, இங்க இருட்டா இருக்கு. வாய்ல மண்ணு போகுது."

அவர் ஸ்பீக்கரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். துணிப் படுதா ஈரமாக இருந்தது. எங்கே இருக்கே, எங்கே இருக்கேம்மா என்று கேட்டார். பதிலாக மண் சரிகிற சத்தம் வந்தது. நிறையப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு நகர்கிற சத்தம் வந்தது. விரல் அசைவதும் கை அசைவதும் பார்த்து அவர் பூரித்துப்போன ஒவ்வொரு நாளும் அவள் ஒரு சாண் ஒரு சாணாகக் கீழே போயிருக்கிறாள். அது அவருக்குப் புரிந்தது. தெளிவாகப் புரிந்தது.

ஒயரை அறுத்துவிட்டால்?

திருகைத் தளர்த்தினார். ஒயர் பெட்டியை விட்டு ஒரு நூல் விலகியது. "கண்ணா" என்ற குரல் பாதியில் அறுந்தது. ஒன்றும் இல்லை. மழை மட்டும். பதறிப்போய் ஒயரைத் திரும்ப அழுத்தினார். அலறல். அவளுடைய அலறல். விட்டுவிடாதே, விட்டுவிடாதே என்று ஸ்பீக்கர் அதிர அலறிவிட்டு மூச்சு வாங்கியது. அவர் ஒயரை அழுத்திய கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் இல்லை. எடுக்காவிட்டால் வழி திறந்தே இருக்கிறது. இரண்டும் தெரிந்தும் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

அவர் திரும்பவில்லை. முடியவில்லை.

ஒரு பாதம் தரையில் பட்டது. இன்னொன்று. எத்தனை நாள், எத்தனை மாதம் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். இப்போது வந்தது. நடை. ஈரக் காலின் நடை. மெதுவாக. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

மண் வாசனை. தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. குனிந்தது. அவள் கூந்தல் அவர் கன்னத்தில் விழுந்தது. அவளுடைய எண்ணெய் வாசனைதான், அதற்கு அடியில் வேறொன்று.

"ரொம்பத் தேடுறீங்களா?" என்று காதருகே கேட்டது. இப்போது பேச்சு நன்றாகப் பழகியிருந்தது. அதில் அக்கறைகூட இருந்தது. "போய்ப் பாக்குறீங்களா?"

"கண்ணாடி, வராதே," என்றது இடது ஸ்பீக்கர். "நீயாவது வராதே."

ஜில்லென்ற விரல்கள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒயரை வாங்கிக்கொண்டன. ஒரே கணம் குரல் இல்லை. அந்த ஒரு கணத்தை அவரால் தாங்க முடியவில்லை. தனியாக, இருட்டில், வாயில் மண்ணோடு அவள். மேலே அவர். கடை திறந்து, வில்லை தேய்த்து, சோறு தின்று. அதுவும் இந்த வீட்டில், இதோடு.

அவர் கையை நீட்டினார். தானாகவே நீட்டினார்.

செம்பு ஒயர் மணிக்கட்டைச் சுற்றியது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. இறுக்கவில்லை, குழந்தைக்கு வளையல் போடுகிற பதம். குளிர் எலும்பு வழியாக ஏறியது. முழங்கை போயிற்று. தோள் போயிற்று. நாக்கு கனத்தது. கண் மட்டும் மிச்சமிருந்தது. இடது ஸ்பீக்கரில் அவள் அழுதுகொண்டிருந்தாள், இப்போது அவ்வளவு தூரத்தில் இல்லை.

வலது ஸ்பீக்கரில், மிக அருகில், ஒரு ஆண் தொண்டையைச் செருமிக்கொண்டான். ஒரு தடவை செருமியது சரியாக வரவில்லை. இன்னொரு தடவை செருமினான். பிறகு கண்ணாடிக்காரரின் குரலில், கடைக்கு வருகிறவர்களிடம் அவர் பேசுகிற அதே பணிவோடு, "உள்ள வரலாமா?" என்று கேட்டான்.